இரண்டு இடது குதிகால்கள்

பேழையைத் திறந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள்.
பூட்டு துருவேறிக் கிடந்தது, கைவலு வேண்டியிருந்தது.
தவிர, நான் கசாப்புக்காரன்.

லியேஜிலிருந்து வந்த மருத்துவர் ஓடில் ஃப்ராங்கினே
பீடத்தின்மேல் வெள்ளைத் துணி விரித்து
புனித லூடோமாரை ஒவ்வொரு எலும்பாக இறக்கிவைத்தார்.
தொடை. விலா. நெற்றிச் சில்லு.
பட்டுக்கந்தலில் பொதிந்த ஒரு குதிகால்.
அப்புறம் இன்னொன்று.

அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.
முப்பது வருடம் ஆட்டையும் மாட்டையும் பிரித்துப்போட்ட கை
இருட்டில்கூட இடம் வலம் சொல்லும்.
இரண்டுமே இடது.

பங்குச் சாமியார் செர்வே
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
வெளியே மியூஸ் ஆறு, மூடுபனி,
மணல் ஏற்றிய படகொன்று
தன் விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு போனது.

வால்மெர் ஊரில் சொல்லும் கதை இது:
ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால்
லூடோமார் இங்கே ஆயர்.
முன்கோபி. மீன் வாடை ஆகாது.
பூசையில் இருமினவனைப் பெயர் சொல்லி அதட்டுவார்.
ஆறு உறைந்த ஒரு மாதத்தில்
அடிமை வியாபாரிகள் நாற்பத்தொரு பேரைக்
கழுத்துக்குக் கழுத்து கயிறு கட்டி
அக்கரையில் நிறுத்தியிருந்தார்கள்.
ஆயர், பீடத்தில் பதித்திருந்த வெள்ளித் தகட்டை
நகம் கிழியப் பெயர்த்தார்.
சாக்கில் சுமந்து பனிக்கட்டிமேல் நடந்தார்.
எடை, நாற்பது பேரோடு முடிந்தது.
கடைசி ஆளுக்காகத்
தன் செருப்பைக் கழற்றித் தட்டில் போட்டாராம்.
தட்டு தாழ்ந்ததாம்.

தட்டு தாழ்ந்ததை நான் நம்பவில்லை.
தராசு என் பிழைப்பு.
அந்த வியாபாரி இத்தனை நேரம் அழுத்தி வைத்திருந்த கட்டைவிரலை
எடுத்திருப்பான், அவ்வளவுதான்.
அவனுக்கும் குளிர்ந்திருக்கும்.
எனக்கு இது சின்ன அற்புதமாகத் தோன்றவில்லை.

வெறுங்காலோடு திரும்பினார் ஆயர்.
பாதம் கறுத்தது.
ஒன்பதாம் நாள், கஞ்சியில் உப்பில்லை என்று திட்டிவிட்டுச்
செத்துப்போனார்.

இன்றும் கால்நோவுக்காரர்கள்
பழைய ஷூக்களைப் பேழையடியில் விட்டுப்போகிறார்கள்.
சர்க்கரை நோயில் விரல்கள் போன பேருந்து ஓட்டுநர் ஒருத்தி
போன மாதம் ஒற்றை ஷூ வைத்தாள்,
லேஸைக் கச்சிதமாக முடிந்து.

"இது சுமை தூக்கினவர் கால்" என்றார் மருத்துவர்,
இரண்டாவது குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.
"பெண்ணாகவும் இருக்கலாம்.
சின்ன வயதிலிருந்தே சுமந்திருக்கிறாள்."

யாரோ துறவி, கொள்ளைக்கப்பல்களுக்குப் பயந்து
ராத்திரியில் குழி தோண்டி, அவசரத்தில்
பக்கத்து எலும்பையும் வாரியிருக்கலாம்.
அல்லது கயிற்றின் கடைசியில் நின்ற அந்த ஆள்
இந்த ஊரிலேயே தங்கி, கிழடாகி,
அவர் காலடியில் புதையுங்கள் என்று கேட்டிருக்கலாம்.
எனக்கெப்படித் தெரியும்.

சாமியார் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:
"எது அவருடையது?"
மருத்துவர் தோளைக் குலுக்கினார்.
நான் இரண்டையும் ஒரே பட்டில் சுற்றினேன்.
யாரும் தடுக்கவில்லை.

நவம்பர் பவனியில் பேழையின் பின்மூலை என் தோளில்.
மழை. முன்னால் போகிறவன் குள்ளம்,
பாரமெல்லாம் என் பக்கம் சரிந்தது.
"புனித லூடோமாரே" என்று பாடினார்கள்.
"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றேன்.
பிறகு, அடுத்த பெயர் வருவதற்குள்,
பெயரில்லாமலே ஒரு தடவை
மெல்லச் சொல்லிக்கொண்டேன்.

திருநாளன்று மட்டும் பேக்கரியில்
குதிகால் வடிவ ரொட்டி கிடைக்கும்.
வருடா வருடம் ஒன்று வாங்குவேன்.
இந்த முறை இரண்டு கேட்டேன்.
"விருந்தாளியா?" என்றாள் கடைக்காரி.
சில்லறையை எண்ணிக்கொண்டே
"ரொம்ப நாளாகவே" என்றேன்.